பீப்பாயின் அடியில்

ஆலைக்காரர்கள் பீப்பாயைத் திறப்பதற்குள் போய்ச் சேர்ந்தாக வேண்டும். உள்ளே என்ன கிடக்கிறது என்பது உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். அந்த இரண்டு பேரும் ஒர்க் ஷாப் வேனின் முன் சீட்டில் வியர்த்து வழிந்துகொண்டிருந்தார்கள்.

வேனை விரட்டியவர் மூத்த மாப்பிள்ளை. பக்கத்தில் வெறும் விரலைத் தடவிக்கொண்டே வந்தவன் இளைய மாப்பிள்ளை. மாமனாரின் ஒர்க் ஷாப்பைச் சேர்ந்து நடத்தும் சகலைகள்.

“என்னமோ பிணத்தை உள்ள போட்டு அனுப்பிட்ட மாதிரி நடுங்கறியே.”

“அதைவிட மோசம் சகலை. மாமா போட்ட மோதிரம்.”

இரண்டு கல்யாணத்துக்கும் ஒரே அச்சில் செய்து, மாமனார் தன் கையாலேயே போட்டுவிட்ட மோதிரங்கள். வெளியூர் போயிருக்கும் மனிதர் சாயங்காலம் திரும்புகிறார். ஒர்க் ஷாப்பில் கால் வைத்ததும் அவர் கண் என்ஜின் பக்கம் போகாது. மாப்பிள்ளைகளின் விரலுக்குத்தான் போகும்.

மோதிரத்தோடு போனாலும் தேவலை. விஷயம் தெரிந்தால், சாமான் கழுவ இளையவன் கொண்டுவந்த சால்வென்ட் திரவத்தையும் மாமனார் நிறுத்திவிடுவார். அதுதான் அவனுக்குப் பெரிய கவலை.

அது வருவதற்கு முன்பு பேரிங்கும் பல்சக்கரமும் மண்ணெண்ணெயில்தான் குளித்துக்கொண்டிருந்தன. நாற்றம், தலைவலி, ஒரு பொறி பறந்தால் எல்லாரும் சாம்பல் என்கிற பயம். இளையவன்தான் கடை கடையாக ஏறி இறங்கி, சாம்பிள் வாங்கி, பழைய பேரிங்குகளை ஊறப்போட்டு, ரப்பர் சீல்களை அரிக்காத, லேசில் தீப்பிடிக்காத சரக்காகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தான். மாமனாரைச் சம்மதிக்க வைப்பதற்குள் அவனுக்கு நாக்குத் தள்ளிவிட்டது.

அதில் ஒரே ஒரு குறை. வழுக்கும். கையை விட்டு எடுத்தால் விளக்கெண்ணெயில் முக்கிய மாதிரி இருக்கும். கறுத்துப்போன சால்வென்ட்டைத் தொட்டியிலிருந்து பீப்பாய்க்கு மாற்றி, சுத்திகரிப்பு ஆலை வண்டியில் ஏற்றி டாட்டா காட்டும்போதுதான் இளையவன் தன் விரலைக் கவனித்தான்.

“தொட்டிக்கு மேல போர்டு எழுதி மாட்டினேனே, என்ன போட்டிருக்கு?”

“மோதிரத்தைக் கழற்றிவிட்டுக் கையை விடவும்.”

“யாருக்கு எழுதினேன், சுவத்துக்கா?”

மூத்தவர் அதோடு விடவில்லை. பொறுப்பு என்பது கடையில் விற்கிற சாமான் இல்லை என்றார். தன் விரலைத் தூக்கிக் காட்டி, இத்தனை வருஷத்தில் இது எங்கேயாவது போயிற்றா என்று கேட்டார். பழைய மண்ணெண்ணெயாக இருந்தால் சாக்கடையில் ஊற்றிவிட்டு நிம்மதியாக இருந்திருக்கலாமாம். அப்போது மோதிரமும் சாக்கடையோடு போயிருக்குமே என்று இளையவனுக்கு நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டான். காரியம் ஆக வேண்டுமே.

மெயின் ரோட்டில் லாரிகள் வாலைப் பிடித்துக்கொண்டு நின்றன. மூத்தவர் யோசிக்கவே இல்லை. மரக்கடை சந்தில் வண்டியை ஒடித்து, இரண்டு வளைவு வளைந்து, ஆலையின் பின் கேட்டில் கொண்டுபோய் நிறுத்தினார். முன் கேட்டில் சீட்டு எழுதிக் கொடுக்கச் சொல்லிக் கழுத்தை அறுப்பார்களாம். பாவம், எனக்காக எவ்வளவு மெனக்கெடுகிறார் என்று இளையவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

“நீ போய்ப் பேசு. நான் வண்டியிலயே இருக்கேன்.”

“நீங்க வந்தாதான் மதிப்பாங்க. வாங்க சகலை.”

தலைவலிக்கிறது என்றார், வண்டியை யாராவது எடுத்துவிடுவார்கள் என்றார். இளையவன் கேட்கவில்லை, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே உள்ளே போனான்.

உள்ளே அவர்களுடைய பீப்பாய் கவிழ்ந்து கிடந்தது, காலியாக. இளையவனுக்கு உயிரே போய்விட்டது. பக்கத்தில் முழங்கை வரை ரப்பர் உறை மாட்டிய சூப்பர்வைசர் அம்மாள், பெரிய சல்லடையில் தங்கிய கறுப்புச் சேற்றை வழித்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

வழியெல்லாம் மனப்பாடம் செய்த பொய்யை அவன் ஆரம்பித்தான். சின்ன ஸ்பேர் பார்ட் ஒன்று தவறி விழுந்துவிட்டது, பெரிய விஷயமில்லை, ஆனாலும் —

அம்மாள் அவனைப் பார்க்கவே இல்லை. அவன் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கி நின்றவரைத்தான் பார்த்தாள். உறையைக் கழற்றி, சட்டைப் பையிலிருந்து பளபளவென்று துடைத்து வைத்திருந்த மோதிரத்தை எடுத்து, இளையவனின் தோளுக்கு மேலாக நீட்டினாள்.

“என்ன சார், மறுபடியுமா?”