தங்கையின் பட்டை

திட்டமிடும் மென்பொருள் வகுப்பில், வீட்டு விஷயம் எதையாவது போட்டுப் பழகி வரச் சொல்லியிருந்தார்கள். தமயந்தி தன் கல்யாணத்தைத் திரையில் மாதங்களின் கீழே நீளும் ஒரு பட்டையாகவும், தங்கை சாருலதாவின் கல்யாணத்தை அடுத்த பட்டையாகவும் போட்டு, வீட்டு வழக்கப்படி இரண்டையும் அம்புக்குறியால் இணைத்தாள். வரன் அமையாத தன் பட்டையைத் தள்ளத் தள்ள, மாப்பிள்ளை தயாராக இருந்த தங்கையின் பட்டையும் கூடவே தள்ளிப்போனது.

"என்னோடது ஏன்க்கா ஓடிட்டே இருக்கு?" என்று எட்டிப் பார்த்தாள் சாருலதா.

"மூத்தவளுக்கு முடிஞ்சாத்தானேடி உனக்கு!"

இந்த அம்பை எடுத்துவிட்டால் என்ன ஆகும்? தமயந்தி எடுத்துப் பார்த்தாள். தங்கையின் பட்டை ஒரே தாவலில் தை மாதத்தில் வந்து நின்றது. சாருலதா நாற்காலியை இழுத்துப் போட்டு அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

தமயந்தி தன் பட்டையில் இருந்த 'கல்யாணம்' என்ற சொல்லை அழித்தாள். பட்டை அப்படியே இருந்தது.

"இதுல வேற என்னடி எழுதலாம்?"