பழைய பதிப்பில் ஒரு முகம்

இது என் பிள்ளை இல்லை. சுவரில் மாட்டியிருந்த படத்தைப் பார்த்தபடி ஜெசிந்தா இதையே மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பிறவியிலேயே பார்வையில்லாத அவளுக்குக் கண்ணாக இருந்தது, வீடியோ கேம் காட்சிகளை வரையும் மென்பொருளான ஒரு கேம் எஞ்சின்; எதிரில் இருப்பதை அது அவள் மூளைக்குள் வரைந்து காட்டும். அதன் பழைய பதிப்பு வரைந்து காட்டியதைத்தான் அவள் உலகம் என்று நம்பியிருந்தாள். வெள்ளிக்கிழமையோடு அந்தப் பதிப்புக்கு ஆதரவு நின்றுவிடும். புதியதற்கு மாறாதவர்களுக்கு அதன்பின் இருட்டுதான். புதிய பதிப்பைக் கொஞ்ச நேரம் பார்த்துப் பழக நிறுவனத்தார் கொடுத்திருந்தார்கள்.

போன வருடம் காய்ச்சலில் இறந்துபோன மகள் மெர்லின், புதிய பதிப்பில் அந்தப் படத்துக்குள் யார் வீட்டுக் குழந்தையோ போல நின்றாள்.

"சிரிக்கிறா, கன்னத்துல குழி எங்கங்க?"

கணவன் சேவியர் தயங்கினான். "அவளுக்குக் குழியே கிடையாது ஜெசி. பழசு எல்லாப் பிள்ளைங்களுக்கும் அப்படித்தான் வரைஞ்சுது. நீ அங்கேயே தேடித்தேடி முத்தம் கொடுப்ப. எப்படிச் சொல்றதுன்னு விட்டுட்டேன்."

அப்படியென்றால் இத்தனை நாளும் யாருக்காக அழுதேன் என்று அவளுக்குத் தெரியவில்லை.

"என் மூக்கையும் இப்பத்தான் ஒழுங்கா பாத்திருப்ப," என்று அவன் சிரிக்கவைக்கப் பார்த்தான். அவள் சிரிக்கவில்லை.

கொடுத்த நேரம் முடிந்து பழைய பதிப்பு திரும்பியது. படத்தில் மெர்லின் குழி விழச் சிரித்தாள்.

"புதுசுக்குச் சம்மதம்னு ஒரு வார்த்தை சொல்லும்மா. இல்லேன்னா கண்ணு போயிடும். புதுசுல தெரிஞ்சதுதானே நம்ம பிள்ளையோட நிஜ முகம்?"

"நிஜமானவ உங்ககிட்டயே இருக்கட்டுங்க," என்றாள் ஜெசிந்தா, படத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "எனக்கு வேண்டாம்."