நிரந்தரத்தின் விடைத்தாள்

அறிவிப்புப் பலகையில் தேர்வு முடிவு ஒட்டியிருந்தார்கள். ஒலியியலில் தையல்காரம்மாவுக்கு எழுபத்தெட்டு. 'நிரந்தரத்துக்கு'த் தேர்ச்சி இல்லை. இது மூன்றாவது தடவை.

நிரந்தரம், அச்சகத்தில் பிழை திருத்துகிறவர். ஒப்பிலக்கியமும் மொழியியலும் படிக்க வந்து, ஒரே தாளில் திரும்பத் திரும்பத் தோற்று, வருஷக்கணக்காக அதே பெஞ்சில் இருந்ததால் வந்த பட்டப்பேர் அது.

"ஊரான் தப்பையெல்லாம் திருத்துறாரு, தன் பேப்பர் மட்டும் தேறல!" என்று சிரித்தான் கூடப் படிப்பவன் ஒருவன்.

தையல்காரம்மாவுக்குச் சுருக்கென்றது. பள்ளிச் சீருடை தைத்துக்கொண்டே படிப்பவள். 'ரெண்டு பிள்ளை பெத்தப்புறம் எதுக்குப் படிப்பு?' என்ற மாமியாரிடம், பட்டத்தோடுதான் ஓய்வேன் என்று சொல்லிவிட்டு வந்தவள். முதல் மாதமே படிப்பை விட்டு ஓடிப்போக இருந்தவளை, "தொண்டையில கை வச்சு அந்த எழுத்தைச் சொல்லுங்கக்கா, அதிருதா?" என்று பொறுமையாக உட்கார்த்தி வைத்தவர் நிரந்தரம்தான்.

"வாங்க தம்பி, மேடம்கிட்ட உங்க விடைத்தாளைக் கேட்போம்."

"வேணாம்க்கா, விடுங்க."

"சொல்லிக் கொடுத்தவரு ஃபெயில், கத்துக்கிட்டவ பாஸா? எவன் நம்புவான்? நீங்க வராட்டி நானே போறேன்."

போனாள்.

"அடுத்தவங்க தாளைக் காட்டக் கூடாதும்மா" என்றார் துறைத்தலைவி.

"அப்போ காட்டற வரைக்கும் இங்கேயே இருக்கேன் மேடம்."

ஒரு மணி நேரம் அசையாமல் இருந்தாள். துறைத்தலைவி பெருமூச்சு விட்டு அலமாரியைத் திறந்தார்.

தாளில் பதிவு எண் இருந்தது. அப்புறம் ஒரு வரிகூட இல்லை.

அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "அத்தனையும் தெரிஞ்சுக்கிட்டு வெள்ளைத்தாளைக் கொடுத்தாரா? இந்தச் சோம்பேறிக்காகவா நான் உங்ககிட்ட மல்லுக்கு நின்னேன்?"

"நம்ம துறையில மொத்தம் எத்தனை பேரும்மா?"

"அஞ்சு பேரு."

"அஞ்சுக்கு ஒண்ணு குறைஞ்சாலும் துறையை மூடிடணும்னு உத்தரவு. போன ரெண்டு தடவை அப்போ படிச்சவங்களுக்காக எழுதாம வந்தாரு."

"இந்தத் தடவை?"

"'அக்காவுக்கு இன்னும் ஒரு வருஷம் பாக்கி இருக்கு மேடம். அவங்க முடிக்கட்டும், அப்புறம் எழுதிக்கறேன்'னுட்டாரு."