மூன்றாவது சரணத்தில் நின்ற பாட்டு

"சொந்தமா எழுதின புரோகிராமையே ஒழுங்கா ஓட்டத் தெரியல. நாளைக்குக் குடும்பத்த எப்பிடிப்பா ஓட்டுவ?"

சபைச் செயலாளர் சத்தியநாதன் மெதுவாகத்தான் கேட்டார். ஆனாலும் ஜெர்ரிக்குச் சுருக்கென்றது.

திருப்பதியில் மென்பொருள் வேலை பார்க்கும் ஜெர்ரி, சித்தூர் சபைக்காக ஆசையாக எழுதிக்கொடுத்த புரோகிராம் அது. ஆராதனையில் பாட்டு வரிகளைத் திரையில் தானாகவே நகர்த்திக் காட்டும். ஆனால் வாரம் தவறாமல் ஏதாவதொரு கீர்த்தனையில், மூன்றாவது சரணம் வந்ததும் அடம்பிடித்து நின்றுவிடும். லேப்டாப்பைப் பார்த்துக்கொள்ளும் தபிதா, புரோகிராமை மூடித் திறந்தால்தான் மறுபடி ஓடும்.

தபிதா, சத்தியநாதனின் மகள். ஜெர்ரி அவளைப் பெண் கேட்டிருந்தான். "மொதல்ல பாட்டு நிக்காம ஓடட்டும், அப்புறம் பேசலாம்" என்று சொல்லிவிட்டார் மனிதர்.

"இந்த வாரம் டிரேஸ் போட்டிருக்கேன் அங்கிள். எந்த நொடி இன்னா நடந்துச்சுன்னு புரோகிராமே குறிச்சு வச்சிருக்கும். எங்க நின்னுச்சுன்னு இப்பவே பாத்துடலாம்."

ஆராதனை முடிந்து கூட்டம் கலைந்திருந்தது. அப்பாவுக்குப் பின்னால் நின்ற தபிதா, கிடைத்ததா என்று கண்ணாலேயே கேட்டாள்.

ஜெர்ரி லேப்டாப்பில் டிரேஸைத் திறந்தான். வரியை எடுத்தது, திரைக்கு அனுப்பியது எல்லாம் கண் இமைக்கும் நேரத்தில் நடந்திருந்தன. மூன்றாவது சரணத்தில் மட்டும் 'நிறுத்து' என்று ஒரு கட்டளை வந்திருந்தது. அப்படியானால் அது தானாக நிற்கவில்லை, யாரோ நிறுத்தியிருக்கிறார்கள். எங்கிருந்து என்று பார்த்தான் ஜெர்ரி. தபிதாவின் போன்.

பாட எழுந்து போனாலும் அங்கிருந்தே இயக்கட்டும் என்று அவள் போனில் மட்டும் அந்த வசதியைப் போட்டுக்கொடுத்ததே அவன்தான். தன்னைப் பிடிக்கவில்லை என்றால் நேராகச் சொல்லியிருக்கலாமே என்று நினைத்துக்கொண்டான்.

"தெரிஞ்சுதாப்பா?" சத்தியநாதனின் குரல் லேசாக இறங்கியிருந்தது.

ஜெர்ரி லேப்டாப்பை மூடினான். "என் தப்புதான் அங்கிள். சரி பண்ண முடியாது. அடுத்த வாரத்துலேருந்து பாட்டுப் புஸ்தகமே வச்சிக்கோங்க."

"இன்னா ஜெர்ரி இப்பிடிச் சொல்ற?" தபிதாவின் கண் கலங்கிவிட்டது. அவனுக்கு ஒன்றும் புரியவில்லை.

சத்தியநாதன் அவன் தோளைப் பிடித்து வாசல் பக்கம் ஓரமாகக் கூட்டிப்போனார்.

"யார் போன்லேருந்து வந்துச்சுன்னு அதுல தெரியுமா?"

"தெரியும் அங்கிள்."

"தெரிஞ்சும் பழிய உம்மேலயே போட்டுக்கினியா? சரேலே, போவட்டும். வர்ற ஞாயித்துக்கிழமை உங்க நைனாவயும் அம்மாவயும் கூட்டிக்கினு வா, பேசி முடிச்சிடலாம்."

"இல்ல அங்கிள், தபிதாவுக்கு இஷ்டமான்னு..."

பெரியவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, ஜிப்பா பையிலிருந்து ஒரு போனை எடுத்து நீட்டினார். தபிதாவின் போன். "ஆராதனைல நோண்டிக்கினு இருக்கக் கூடாதுன்னு வாரா வாரம் உள்ள வர்றப்பவே அதுகிட்டேருந்து வாங்கி வச்சிக்கிறேன்."

ஜெர்ரிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"வயசானவங்க இழுத்துப் பாடறதுக்குள்ள வரி ஓடிப்போவுதேன்னு இந்தச் செவப்புப் பட்டன அமுக்கிடறேன்" என்றார் அவர், குரலைத் தாழ்த்தி. "மறுபடி எப்பிடி ஓட வைக்கிறதுன்னுதான் தெரியல, யாருக்கும் தெரியாம நீயே கொஞ்சம் சொல்லிக்குடுப்பா."