மஞ்சள் பேனட்

"வெல்டிங் நெருப்புதான் இது. வேற எப்படிலே வரும்?" என்று கத்தினார் நெல்லையப்பன். கத்தும்போது அவர் மெக்கானிக் அருமைநாயகத்தைப் பார்க்கவில்லை. காரின் பேனட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

புது மஞ்சளாக மின்னிய பேனட்டின் நட்டநடுவே, வெள்ளி ரூபாய் அளவுக்கு ஒரு வட்டம் கருகிக் கொப்பளித்திருந்தது. மேல்பூச்சு வெந்து, உள்ளேயிருந்த கண்ணாடி நார் முடிமுடியாகத் தெரிந்தது.

கடற்கரை மணலில் ஓட்டுவதற்கென்று அமெரிக்காவில் வார்த்த பைபர் கிளாஸ் கார்க் கூடு அது. கப்பலில் வேலை பார்த்த யாரோ ஒருவர் கொச்சியில் விட்டுப்போனதை, நெல்லையப்பன் லாரியில் ஏற்றிச் செங்கோட்டை வழியாகத் தென்காசிக்குக் கொண்டுவந்திருந்தார். இன்னொன்று வேண்டுமென்றால் கடல் தாண்டித்தான் போக வேண்டும்.

அருமைநாயகத்துக்கு இருபத்தாறு வயது. சொந்தமாகப் பட்டறை போட்டு ஒரு வருஷம்தான் ஆகிறது. பழைய மோரிஸ் கார் ஒன்றின் அடிச்சட்டத்தை வெட்டிக் குறுக்கி, ஸ்பிரிங் பட்டைகளை உருவி, கூட்டைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு இறக்கி உட்காரவைக்க எட்டு மாதம் பிடித்தது.

அந்த எட்டு மாதமும் நெல்லையப்பன் சாயங்காலமானால் பட்டறைக்கு வந்துவிடுவார். நாற்பதை நெருங்கும் மனிதர், தோப்பும் வயலும் உள்ளவர், பாதி முடிந்த காரில் ஏறி உட்கார்ந்து ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டிருப்பார். அருமைநாயகம் வீட்டுக்குக் கிளம்பினாலும் இறங்க மாட்டார். பிறகு தானே தார்ப்பாயைப் போர்த்திவிட்டுப் போவார்.

இன்று முதல் ஓட்டம், குற்றாலம் வரை. அதைப் பார்க்கப் பகுத்தறிவுப் படிப்பக நண்பர்கள் ஏழெட்டுப் பேர் வந்திருந்தார்கள். மலையிலிருந்து எஸ்டேட் மேனேஜர் ஞானதுரையும் இறங்கி வந்திருந்தார். வேலை சுத்தமாக இருந்தால் எஸ்டேட் ஜீப்புகள் முழுவதையும் இந்தப் பட்டறைக்கே விட்டுவிடுவதாக அவர் சொல்லியிருந்தார். அருமைநாயகம் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, எல்லோர் முன்னாலும் தார்ப்பாயை உருவினான். கருகல் கண்ணில் பட்டது அப்போதுதான்.

"குளிக்கிற தொட்டி மாதிரி இருக்கேன்னு பாத்தேன், அடுப்பும் மூட்டியிருக்கானே!" என்றார் படிப்பகத்து நமசிவாயம். "இதுக்குத்தாம்பா ஊருல சக்கரத்துக்கடியில எலுமிச்சம்பழம் வைக்கிறது."

எல்லோரும் சிரித்தார்கள்.

"யாருட்ட சொல்லுத? புது வண்டிக்குப் பூசை போடுதவன் காட்டுமிராண்டின்னு போன மாசம் மேடையில ஒரு மணி நேரம் பேசுன ஆளுல்லா நம்ம நெல்லையப்பன்!" என்றார் இன்னொருவர்.

நெல்லையப்பனின் காது மடல்கள் சிவந்துவிட்டன. "இப்ப அதுவாடே பேச்சு?" என்றார்.

ஞானதுரை குனிந்து வட்டத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். உதிர்ந்த தூள் விரலில் ஒட்டியது.

"தம்பி, இம்புட்டுப் பக்கத்துல நெருப்பைக் கொண்டுபோனது யாரு?"

"சார், வெல்டிங் வேலை முடிஞ்சு பத்து நாளாச்சு. நேத்து நான் ஜெபக்கூட்டத்துக்குப் போறப்பகூட இது..."

சொல்லிக்கொண்டே அருமைநாயகம் பேனட்டின் மேல் குனிந்தான். முகர்ந்தான். மெதுவாக நிமிர்ந்து நெல்லையப்பனைப் பார்த்தான். அவர் முகத்தில் வேர்வை அரும்பியிருந்தது. மழைச் சாரல் விழும் ஆனி மாதத்தில்.

"சொல்லு, நேத்து என்ன?" என்றார் ஞானதுரை.

"ஒண்ணுமில்ல சார். நான்தான் கவனிக்காம விட்டுட்டேன். எந் தப்புதான்."

ஞானதுரை கைக்குட்டையால் விரலைத் துடைத்துக்கொண்டார். "ஒத்துக்கிட்ட, சந்தோஷம். ஆனா உன்னய நம்பி எஸ்டேட் வண்டிய விட முடியாதுப்பா. அங்கன பள்ளம் எல்லாம் ஆயிரம் அடி."

அவர் ஜீப் கிளம்பியது. நெல்லையப்பன் ஓரடி முன்னால் வைத்தார். நிறுத்தச் சொல்வதுபோலக் கையைக்கூடத் தூக்கிவிட்டார்.

"என்ன நெல்லையப்பா?" என்றார் நமசிவாயம்.

தூக்கிய கை பிடரியைச் சொறிந்துகொண்டு இறங்கியது. ஜீப் திருப்பத்தில் மறைந்தது.

சாரல் வலுத்தது. நண்பர்கள் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு எதிர்த்த டீக்கடைக்கு ஓடினார்கள். பட்டறையில் இருவர் மட்டும் நின்றார்கள். அருமைநாயகம் சலவைச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, பழைய கரிச்சட்டைக்குள் கையை நுழைத்தான்.

நெல்லையப்பன் போகவும் இல்லை, நிற்கவும் இல்லை. வாசல் வரை போனார், திரும்பினார்.

"ஞானதுரைட்ட நாளைக்கு நான் பேசுதேன், அருமை."

"என்னன்னு பேசுவீங்க?"

டீக்கடையிலிருந்து நண்பர்களின் சிரிப்பு கேட்டது. நெல்லையப்பன் அந்தப் பக்கம் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். எட்டு மாதம் ஆசை ஆசையாகப் பார்த்த வண்டியை இப்போது அவரால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

அருமைநாயகம் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு காரின் பக்கத்தில் உட்கார்ந்தான். அவர் பக்கம் திரும்பாமலே, டீக்கடைக்குக் கேட்காத குரலில் சொன்னான்:

"இது தகரம் இல்லைல்லா அண்ணாச்சி, சூடத்தைத் தரையில வச்சு ஏத்தியிருக்கலாம்."