உருட்டிய மூலை

"மூலையை மட்டும் உருட்டி விட்டுடுங்கண்ணா," என்றாள் அந்த வீட்டுப் பெண், குரலே எழும்பாமல்.

"ஒண்ணும் வேணாம். கூரா இருந்தாத்தான் எடுப்பா இருக்கும்," என்றான் அவள் கணவன்.

சமையல் மேடையில் புது குவார்ட்ஸ் பலகையைப் பதித்துக்கொண்டிருந்த மேஸ்திரி நிமிர்ந்தார். அவள் புருவத்துக்கு மேல் மூன்று தையல் போட்ட தழும்பு. மேடை மூலையில் இடித்த காயம் அது. பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது.

"எப்படிம்மா பட்டுச்சு?"

"தடுக்கி விழுந்துட்டேண்ணா."

"இவளுக்குக் கண்ணு பிடரியில," என்று சிரித்தான் கணவன். "வர்றவன் போறவன்கிட்டயெல்லாம் மூலையைப் பத்திப் பேசுவியாடி?" என்று அவள் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து மேடைப் பக்கம் தள்ளினான்.

மேஸ்திரிக்கு எங்கிருந்துதான் அந்த வெறி வந்ததோ! அவனைச் சுவரோடு சாத்தி, முகத்திலேயே குத்தினார். மூக்கு உடைந்து வெள்ளைப் பலகையெல்லாம் ரத்தம் தெறித்தது.

"பொம்பளை மேல கை வைப்பியாடா? வைப்பியா?"

கேட்டுக் கேட்டுக் குத்தினார். அவன் கையெடுத்துக் கும்பிட்ட பிறகுதான் விட்டார். அப்புறம் ஈரத்துணியால் ரத்தத்தைத் துடைத்து, மெஷினை எடுத்து, மூலையை வழவழவென்று உருட்டிக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்பினார்.

மாலையில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்கு வந்தார். கதவைத் திறந்த மனைவி, வீங்கியிருந்த அவர் முஷ்டியைப் பார்த்ததும் இரண்டடி பின்னால் போனாள். அவள் புருவத்துக்கு மேலேயும் அதேபோல் மூன்று தையல் போட்ட தழும்பு.

மெல்லக் கேட்டாள்:

"இன்னைக்கு அடிக்கிற வேலையை வெளியிலயே முடிச்சிட்டீங்களா?"