சுற்றாத டிரம்

வாஷிங் மெஷின் உறுமியது. டிரம் சுற்றவில்லை.

பூசணி வாயை இறுக்க மூடிக்கொண்டாள்.

எங்கள் இரண்டு வயது மகளுக்கு நான் வைத்த செல்லப் பெயர் அது. கன்னத்தைப் பார்த்தால் காரணம் கேட்க மாட்டீர்கள். அவளுக்கு மதியச் சாப்பாடு எப்போதும் மெஷின் முன்னால்தான். கண்ணாடிக் கதவுக்குள் துணி புரளும். இவள் வாய் தானாகத் திறக்கும். நான் கரண்டியை உள்ளே தள்ளுவேன். அழுக்குத் துணி இல்லாத நாளில் துவைத்த துணியையே மறுபடி துவைத்திருக்கிறேன்.

பிள்ளைக்குச் சோறு ஊட்டுவதில் என்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அவள் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த மாதங்களில் கிண்ணத்தில் ஒரு வாய் மிச்சம் வந்ததில்லை.

போன வாரம் அம்மா வீடு திரும்பினாள். பூசணி என் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். நேற்று அம்மா நீட்டிய கரண்டியைத் தட்டிவிட்டு, "ஆன்ட்டி வேணாம்" என்றாள்.

என் மனைவி சிரித்து மழுப்பினாள்.

இன்று பார்த்து மெஷின் மக்கர். உட்கார்ந்து தட்டிப் பார்த்தேன், உலுக்கிப் பார்த்தேன். ஊருக்கெல்லாம் மெஷின் ரிப்பேர் பார்க்கிறவன் வீட்டு லட்சணம் இது. பூசணி என் கரண்டியையும் தட்டிவிட்டு வீடு அதிர அழுதாள்.

கிண்ணத்தை மனைவி கையில் திணித்துவிட்டு, கை கழுவுகிற சாக்கில் நகர்ந்தேன்.

அவள் கொஞ்சம் தயங்கினாள். பிறகு தரையில் உட்கார்ந்து, கிண்ணத்துக்குள் கரண்டியை வட்டமாகச் சுற்ற ஆரம்பித்தாள். வாயால் 'டுர்ர்ர்' என்று சத்தம் வேறு. அழுகை நின்றது. அடுத்து தலையையே சுற்றினாள். கிளிப் கழன்று முடியெல்லாம் முகத்தில் விழுந்தது.

பூசணி கெக்கெக்கே என்று சிரித்தாள். திறந்த வாய்க்குள் ஒரு கரண்டி போனது.

இரண்டாவது கரண்டிக்குப் பூசணியே அம்மா மடியில் ஏறிக்கொண்டாள். என் மனைவி அழுதுகொண்டே ஊட்டினாள். நான் பார்க்காத மாதிரி ரொம்ப நேரம் கை கழுவினேன்.

கிண்ணம் காலியானது. மனைவி முகத்தைத் துடைத்துக்கொண்டு பழைய அதட்டலோடு கேட்டாள். "ஊரு மெஷினையெல்லாம் சரி பண்றீங்க. நம்ம வீட்டு மெஷினை எப்பங்க பார்க்கப் போறீங்க?"

"பெல்ட்டு போயிடுச்சு. புதுசு வர ஒரு வாரமாகும்" என்றேன்.

பெல்ட்டுக்கு ஒரு கேடும் இல்லை. காலையில் இருவரும் தூங்கும்போது நான்தான் கழற்றி ஸ்கூட்டர் சீட்டுக்கடியில் வைத்தேன். சோறு ஊட்டுவதில் என்னை ஜெயிக்க என் மனைவியால் முடியும். மெஷினை ஜெயிக்க அந்தக் கடவுளாலும் முடியாது.

ஒரு வாரத் துணிதானே, நானே கையால் துவைத்துவிட்டால் போகிறது.